எட்டுப் பந்தயங்கள் கொண்ட ஒரு நாள் அட்டையில் வெல்லக்கூடிய குதிரையை எப்படித் தேடுவது?

ஓசூர் மருமகன்:

வணக்கம். நான் ஓசூரில் வசிக்கிறேன். பெங்களூருவில் பந்தயப் பருவம் நடக்கும்போது மாதம் ஒரு முறையாவது மாமனாரை ரேஸ் கோர்ஸுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவர் நாற்பது ஆண்டுகளாகக் குதிரைப் பந்தயம் பார்த்து வருபவர். கண் புரை அறுவைக்குப் பிறகும் பொடி எழுத்தைப் படிக்கச் சிரமப்படுவதால், முதல் நாள் இரவு ரேஸ் புத்தகத்தை நான் வரி வரியாக வாசிக்க, அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எண்களைப் பெரிதாகக் குறித்துக்கொள்வார். சில பெயர்களைப் படித்தவுடனே, "அதை விடுங்க மாப்பிள்ளை, அது நாளைக்கு ஓடாது" என்பார். ஏன் என்று கேட்டால், "பார்த்தா தெரியும்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

எனக்குப் பார்த்தால் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பந்தயத்திலும் குதிரை கடைசி மூன்று ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, ஜாக்கி யார், பயிற்சியாளர் யார் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். சென்ற முறை எட்டில் ஒன்றே ஒன்று வென்றது. அதுவும் கூட்டத்தின் பணம் அதிகம் விழுந்து விலை குறைந்த ஃபேவரிட் என்பதால், அன்று போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. நாங்கள் வைப்பது சில நூறு ரூபாய்தான். அதைப் பற்றிப் பெரிய வருத்தமில்லை. புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதே ஆசை. ரேட்டிங், எடை, தூரம், கிளம்பும் இடத்தைக் குறிக்கும் கேட் எண், காலைப் பயிற்சி நேரம் என்று இத்தனை தகவல்கள் இருக்கும்போது எதில் தொடங்கி எந்த வரிசையில் பார்ப்பது? தயவுசெய்து டிப்ஸ் வேண்டாம். முறை மட்டும் சொல்லுங்கள்.

செகண்ட் என்க்ளோஷர்:

எட்டுப் பந்தயங்களிலும் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தது முதல் தவறு. எந்த நாட்டுப் பந்தயத்தை எடுத்துக்கொண்டாலும், கூட்டம் முழுவதும் சேர்ந்து முன்னிறுத்தும் ஃபேவரிட் ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு முறைதான் வெல்கிறது. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் பணமும், லாயத்துச் செய்தி தெரிந்தவர்களின் பணமும் ஒன்றாகச் சேர்ந்தும் மூன்றில் இரண்டு முறை தோற்கிறது என்றால், நாம் எட்டுக்கு எட்டும் பார்த்து என்ன செய்துவிடப் போகிறோம்? அட்டை கைக்கு வந்தவுடன் நான் முதலில் விடவேண்டிய பந்தயங்களைத்தான் தேடுவேன். இதுவரை ஓடாத இளங்குதிரைகள் பாதிக்கு மேல் இருக்கும் மெய்டன் பந்தயம் (ஒருமுறையும் வெல்லாத குதிரைகளுக்கானது) முதலில் போகும். அடிமட்ட வகுப்பில், ஓராண்டாக எதையும் வெல்லாத பதினான்கு குதிரைகள் ஓடும் பந்தயம் அடுத்துப் போகும். மழை பெய்து தரை இளகிய நாளில், ஈரத் தரையில் எந்தக் குதிரை எப்படி ஓடியது என்று முன்பதிவே இல்லாத பந்தயமும் போகும். பெரும்பாலும் மூன்று, நான்கு பந்தயங்கள் மிஞ்சும். சில நாட்களில் ஒன்றுதான் மிஞ்சும்.

மிஞ்சியவை பெரும்பாலும், திறனுக்கேற்ப எடை சுமத்தும் ஹேண்டிகேப் பந்தயங்களாகவே இருக்கும். அவற்றின் கணக்கைப் புரிந்துகொண்டால்தான், நீங்கள் பார்க்கும் "கடைசி மூன்று இடங்கள்" எவ்வளவு ஏமாற்றும் என்பது விளங்கும். எடையைத் தீர்மானிக்கும் ஹேண்டிகேப்பர் ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் எனப்படும் மதிப்பெண் கொடுக்கிறார். வென்றால் அது ஏறும், தொடர்ந்து பின்தங்கினால் இறங்கும். நம் நாட்டில் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ என்பது கணக்கு. ஒரே பந்தயத்தில் பத்துப் புள்ளி கூடுதலாக உள்ள குதிரை ஐந்து கிலோ கூடுதலாகச் சுமக்கும். வகுப்புகளும் இந்த மதிப்பெண்ணை வைத்தே பிரிகின்றன: 40 முதல் 65 வரை மூன்றாம் வகுப்பு, 20 முதல் 45 வரை நான்காம் வகுப்பு என்பதுபோல. ஒன்றின் மேல்விளிம்பும் மற்றதன் கீழ்விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் கவனியுங்கள். பார்க்க வேண்டிய குதிரைகள் பல அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கின்றன.

ஒரு குதிரையை எடுத்துக்கொள்வோம். ரேட்டிங் 46, மூன்றாம் வகுப்பில் 1200 மீட்டர் ஓடி, வென்ற குதிரைக்கு நான்கு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பின்னால் ஆறாவதாக வந்தது. புத்தகத்தில் உங்களுக்குத் தெரிவது 6 என்ற ஒற்றை எண்தான். பந்தய வீடியோவைப் போட்டுப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது: கேட் திறந்தபோது இரண்டு லெங்த் தாமதமாகக் கிளம்பி, வளைவு முழுவதும் உள்வேலியிலிருந்து நான்காவது ஆளாக வெளியே சுற்றி, கடைசி 200 மீட்டரில் களைத்த மூன்று குதிரைகளைத் தாண்டி வந்திருக்கிறது. அடுத்த முறை அதன் ரேட்டிங் 44 ஆகக் குறைக்கப்பட்டு, நான்காம் வகுப்பில் 1400 மீட்டருக்குப் பதிவாகிறது. வகுப்பின் உச்ச ரேட்டிங்குக்கு எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், சென்ற முறை 50.5 கிலோ சுமந்தது இந்த முறை 59.5 கிலோ சுமக்கும். ஒன்பது கிலோ கூடிவிட்டதே என்று பலர் அதை ஒதுக்குவார்கள். எடை ஏறியதற்குக் காரணம் எதிரிகளின் மட்டம் இறங்கியதுதான் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. வெவ்வேறு வகுப்புகளில் சுமந்த எடையை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரே பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்கு இடையே உள்ள எடை வித்தியாசம் மட்டுமே பேசும்.

நீங்கள் கேட்ட வரிசை என்றால், முதலில் வகுப்பு, பிறகு தூரம், பிறகு அன்றைய தரை, பிறகு கேட் எண். குதிரை ஓடும் விதமும் கேட் எண்ணும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும். முன்னால் பாய்ந்து ஓடும் குதிரை ஒன்றே ஒன்று இருந்து, அதற்கு உள்பக்கக் கேட்டும் கிடைத்தால், அதை யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட நான்கு குதிரைகள் ஒரே பந்தயத்தில் இருந்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் நிற்கும். பின்னாலிருந்து வருகிறவன் கொண்டுபோவான். ஜாக்கியின் பெயரை நான் கடைசியில்தான் பார்ப்பேன், ஏனென்றால் பெரிய ஜாக்கி ஏறியிருப்பது ஊருக்கே தெரியும், வென்றால் கிடைக்கும் விலையும் அதற்கேற்ப ஏற்கெனவே சுருங்கியிருக்கும். பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்ட்ஸின் அறிக்கையை மட்டும் தவறவிடாதீர்கள். மூக்கில் இரத்தம் வந்தது, ஓட்டத்துக்குப் பிறகு நொண்டியது, நேர்ப்பாதையில் வழி அடைபட்டது என்ற ஒற்றை வரிகள் அதில்தான் கிடைக்கும். உங்கள் மாமனாருக்கு "பார்த்தா தெரியும்" என்பதில் பாதி இந்த வரிகளின் நினைவாக இருக்கலாம்.

லாயத்துப் பையன்:

மேலே எழுதியவர் காலைப் பயிற்சியைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். என் அப்பா சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை, பார்த்தவர். நானும் பள்ளி விடுமுறைகளில் லாயத்திலேயே வளர்ந்தவன். வகுப்பும் எடையும் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால், இரண்டு மாதம் ஓடாமல் நின்ற குதிரை தயாராக இருக்கிறதா இல்லையா என்பதை எந்த ரேட்டிங்கும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது டிராக் ஒர்க் எனப்படும் காலைப் பயிற்சி மட்டுமே.

நாளிதழிலும் ரேஸ் புத்தகத்திலும் "1000 மீ 1-14, 600 மீ 44, நன்றாக ஓடியது" என்பதுபோல் (1-14 என்றால் 1 நிமிடம் 14 நொடி) போட்டிருப்பார்கள். அதில் நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். எந்தத் தடத்தில் ஓடியது, உள் மணலா வெளி மணலா, மேலே இருந்தது பந்தயத்தில் ஏறப்போகும் ஜாக்கியா அல்லது பயிற்சிக்கு மட்டும் ஏறும் ரைடிங் பாயா என்பதையெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ரைடிங் பாய் ஜாக்கியைவிடப் பல கிலோ கனமாக இருக்கக்கூடும். கனமான ஆளைச் சுமந்து 44 நொடியில் வந்த குதிரையும், இலேசான பயிற்சி ஜாக்கியுடன் 43 நொடியில் வந்த குதிரையும் ஒன்றல்ல. இரண்டு குதிரைகள் ஜோடியாக ஓடி ஒன்று இரண்டு லெங்த் முந்தியது என்று போட்டிருந்தால், பின்னால் வந்தது எந்த வகுப்புக் குதிரை என்று தேடுங்கள். முதல் வகுப்புக் குதிரையோடு தோளோடு தோள் வந்த நான்காம் வகுப்புக் குதிரையைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஒற்றைப் பயிற்சியைவிட மூன்று, நான்கு வாரங்களாகப் படிப்படியாகத் தூரமும் வேகமும் கூட்டப்பட்டிருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம். நீண்ட ஓய்வுக்குப் பிறகு மாக் ரேஸ் எனப்படும் ஒத்திகைப் பந்தயத்தில் அதட்டாமல் ஓட விடப்பட்டு, தானாக முன்னேறிய குதிரையை அப்பா எப்போதும் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதிவைப்பார்.

புத்தகத்தில் லாடத்துக்கு ஓர் எழுத்து போட்டிருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. அலுமினிய லாடம் எஃகு லாடத்தைவிட இலேசானது. இதுவரை எஃகில் ஓடிய குதிரைக்கு இன்று அலுமினியம் என்றால், லாயத்தில் யாரோ இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். முதல்முறையாகக் கண்மறைப்பு போட்டிருந்தாலும் அப்படித்தான். சில குதிரைகள் அதனால் அடியோடு மாறிவிடும், சில மிரண்டு தொடக்கத்திலேயே எல்லா வேகத்தையும் செலவழித்துவிடும்.

நேரில் போகிறவர் என்பதால் இன்னொன்று. பந்தயத்துக்கு முன் பேடாக்கில் குதிரைகளைச் சுற்றி நடத்தும்போது கூட்டத்தோடு பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் விலைப்பலகையை நோக்கி ஓடாமல், வேலியோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கழுத்தில் கொஞ்சம் வியர்ப்பது வெயில் நாளில் இயல்பு. பின்னங்கால்களுக்கு இடையே சோப்பு நுரைபோல வெள்ளையாகப் பொங்கியிருந்து, குதிரை தலையை ஆட்டிக்கொண்டு சைஸை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தால், அது பந்தயத்தைப் பேடாக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதல் நாள் இரவு எவ்வளவு உறுதியாகக் குறித்திருந்தாலும் அந்தப் பந்தயத்தை நான் விட்டுவிடுவேன்.

கிராஞ்சி பழைய ஆள்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள கிராஞ்சி பந்தயத் தடத்தில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து, நான் பார்ப்பதெல்லாம் ஹாங்காங் அட்டைதான். ஓசூர் நண்பருக்கு நான் சொல்லக்கூடியது, பணம் வைக்காமல் பயிற்சி எடுக்க விரும்பினால் ஹாங்காங்கைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பதே. அங்கே பந்தயம் நடத்தும் கிளப்பே எல்லாவற்றையும் இலவசமாக வெளியிடுகிறது: ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களின் வீடியோ, பந்தயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்த நேரம், கால்நடை மருத்துவர் குறிப்பு, காலைப் பயிற்சி, குதிரையின் உடல் எடைகூட. லாயத்துப் பையனின் அப்பா சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது அங்கே எல்லாருக்கும் திரையில் கிடைக்கிறது.

வகுப்பு இறங்கும் கணக்கும் அங்கே இன்னும் துலக்கமாகத் தெரியும். ஹாங்காங்கில் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு. மூன்றாம் வகுப்பு 80 முதல் 60 வரை, நான்காம் வகுப்பு 60 முதல் 40 வரை. 62 புள்ளியில் மூன்றாம் வகுப்பின் அடிவாரத்தில் தடுமாறிக்கொண்டிருந்த குதிரை நான்கு புள்ளி குறைந்து 58 ஆனவுடன், நான்காம் வகுப்பின் உச்சிக்கு அருகில் போய் நிற்கிறது. நேற்றுவரை தன்னைவிடப் பெரியவர்களோடு ஓடியது இன்று தன்னைவிடச் சிறியவர்களோடு ஓடுகிறது. இப்படி இறங்குகிற குதிரைகளை ஒரு பருவம் முழுவதும் நோட்டில் எழுதிவந்தேன். எல்லாம் வெல்வதில்லை, உடல் சரியில்லாமல் இறங்குபவையும் உண்டு. மருத்துவர் குறிப்பையும் உடல் எடையையும் அப்போதுதான் புரட்ட வேண்டும்.

கேட் எண்ணின் அருமையை உணர, புதன்கிழமை இரவு நடக்கும் ஹேப்பி வேலி பந்தயங்களைப் பாருங்கள். வலப்பக்கம் சுற்றும், வளைவுகள் நெருங்கிய, நேர்ப்பாதை குறுகிய தடம் அது. அதிகபட்சம் 12 குதிரைகள். பன்னிரண்டாம் கேட்டிலிருந்து கிளம்பும் குதிரை ஒன்று வேகத்தைச் செலவழித்து உள்ளே நுழைய வேண்டும், அல்லது வளைவு முழுவதும் வெளியே சுற்ற வேண்டும், அல்லது கடைசிக்குப் போய்ப் பொறுத்திருக்க வேண்டும். மூன்றுமே நட்டம்தான். இங்கிலாந்தில் செஸ்டர் தடமும் இதே இனம். ஒரு மைல் சுற்றளவே உள்ள அந்த வட்டத்தில், ஐந்து ஃபர்லாங் பந்தயத்துக்கு உள்பக்கக் கேட் கிடைத்தவரை ஊரே திரும்பிப் பார்க்கும். அகலமான வளைவும் நீண்ட நேர்ப்பாதையும் உள்ள தடத்தில் இதே விதியைப் போட்டால் தவறிவிடும். உங்கள் தடம் எந்த வகை என்பதை மாமனாரிடமே கேளுங்கள். அதற்கு அவர் பதில் சொல்வார் என்று நினைக்கிறேன்.

வாய்ப்பாடு:

மூவரும் எந்தக் குதிரை வெல்லும் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டீர்கள். அது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. நான் கணக்கு வாத்தியார். குதிரையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, விலைப்பலகையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

எட்டுக் குதிரைகளுக்கு புக்கி 2/1, 3/1, 4/1, 6/1, 8/1, 10/1, 14/1, 20/1 என்று விலை வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். 2/1 என்றால் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் இலாபம், அதாவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அதாவது 33.3 சதவீதம். 3/1 என்றால் 25. இப்படி எட்டையும் கூட்டினால் நூறு வர வேண்டும், வருவதோ 124. அந்த 24தான் புக்கியின் பங்கு. இதைக் கழித்துப் பார்த்தால், ஃபேவரிட்டின் வாய்ப்பாகச் சந்தையே நினைப்பது 33 அல்ல, ஏறத்தாழ 27 சதவீதம். நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு அதற்கு 30 சதவீதம் வாய்ப்பு என்று முடிவு செய்தால், நீங்கள் சந்தையைவிட நன்றாகக் கணித்திருக்கிறீர்கள். ஆனாலும் 2/1 விலையில் நட்டமே. எல்லாருடைய பணத்தையும் சேர்த்துப் பங்கிடும் டோட்டில் போட்டாலும் கதை இதுவேதான். ஹாங்காங்கில் வின் (முதலிடம்), பிளேஸ் (முன்னணி இடங்கள்) தொகுப்புகளில் 17.5 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் மீதியைப் பங்கிடுகிறார்கள்.

நம் நாட்டில் இதன் மேல் வரி வேறு. 2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வரி தனியாக வாங்கப்படும் இடத்தில் 100 ரூபாய் பந்தயத்துக்குக் கையை விட்டுப் போவது 140 ரூபாய். 2/1 குதிரை வென்றால் வருவது 300. ஆக, போட்டது போட்டபடி திரும்பவே அந்தக் குதிரை நூற்றுக்கு 47 முறை வெல்ல வேண்டும். மூன்றில் ஒரு முறை வெல்லும் ஃபேவரிட்டை வைத்து இது நடக்காது. சென்னை ரேஸ் கிளப் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். அந்தத் திறனுக்கு இலாபம் உண்டு என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை.

ஜாக்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், மாமனார் வகையறாக்களுக்கு அதில்தான் ஆசை அதிகம். ஐந்து பந்தயங்களில் ஐந்து வெற்றிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள குதிரையையே எடுத்தாலும், ஐந்தும் வருவது 243இல் ஒரு முறை. அப்படி வரும் நாளில் அது பலருக்கும் வந்திருக்கும். பங்கு போக மிஞ்சுவது தேநீர்ச் செலவுக்குச் சற்று மேலே இருக்கும்.

செகண்ட் என்க்ளோஷர்:

வாய்ப்பாடு சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எட்டில் பாதியை விடச் சொன்னதன் காரணமும் அதுவே. என் வழக்கம், விலைப்பலகையைப் பார்ப்பதற்கு முன்பே நான் எடுத்த குதிரைக்கு நான் தரும் விலையைப் புத்தக ஓரத்தில் எழுதிவிடுவது. 4/1 என்று எழுதியிருந்து, பலகையில் 2/1 இருந்தால், அது வென்றே தீரும் என்று தோன்றினாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன். அப்படிக் கட்டிக்கொண்டு பார்த்த குதிரைகள் வென்ற நாட்களில் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசமாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓசூர் மருமகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று போய்வந்தோம். முதல் நாள் இரவு எட்டுப் பந்தயங்களையும் வாசித்து, ஐந்தைக் குறுக்கே அடித்தேன். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடித்த ஐந்தில் நான்கை அவரும் அடித்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மீதி மூன்றில் ஒன்று பேடாக்கில் கழிந்தது: பின்னங்கால் நுரையை நானே முதலில் கண்டு அவரிடம் காட்டினேன். இன்னொன்றுக்கு நான் ஓரத்தில் எழுதியது 5/1, பலகையில் இருந்தது 5/2. விட்டோம், அது நான்காவதாக வந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்றில் வைத்தோம். மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கி, உச்ச எடையோடு 1400 மீட்டர் ஓடிய குதிரை. நேர்ப்பாதையில் வெளிப்பக்கமாக எடுத்து வந்து, கோட்டைத் தாண்டும்போது யார் முன்னால் என்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஃபோட்டோ ஃபினிஷ் முடிவு வர நான்கு நிமிடம் ஆயிற்று. ஷார்ட் ஹெட்டில், அதாவது தலையளவுகூட இல்லாத இடைவெளியில், இரண்டாவது.

மாமனார் துண்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது, "ஷார்ட் ஹெட்டுல தோத்ததுக்கு ரேட்டிங் எத்தனை ஏத்துவான், மாப்பிள்ளை?" என்று கேட்டார். இரண்டு புள்ளி ஏறினாலே அது மறுபடியும் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும் நிலையில் இருக்கிறது. இப்படி இரண்டாவதாக வரும் குதிரைக்கு ஹேண்டிகேப்பர் வழக்கமாக என்ன செய்வார் என்று யாராவது சொன்னால், இன்றிரவு அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.